வகுப்பில் கூகுள் டாக்ஸ், டிரைவ்: பிள்ளைகள் எழுதியது யார் கணக்கில் இருக்க வேண்டும்?

#1 பட்டாலை (தமிழாசிரியை, காரைக்குடி பக்கம்)

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டுரைப் பயிற்சியை இந்த வருடம் கூகுள் டாக்ஸில் (பலர் சேர்ந்து ஒரே தாளில் இணையம் வழியாக எழுதுகிற வசதி) நடத்துகிறேன். பள்ளியில் இருக்கிற கணினி லேபில்தான், நாலு பேர் ஒரு குழு. பலன் நன்றாகத் தெரிகிறது. கூடவே ஒரு கவலையும் வந்திருக்கிறது, அதைக் கேட்கத்தான் இந்த இழை.

முதலில் பலன். நோட்டு வாங்கித் திருத்தினால் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். சிவப்பு மையில் பக்கம் முழுக்கச் சுழித்துக் கொடுப்போம், பிள்ளை கடைசியில் இருக்கிற மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடும். டாக்ஸில் நான் கேட்கிற கேள்வி அந்த வரிக்கு நேராகவே ஓரத்தில் நிற்கிறது. பதில் வரும்வரை அங்கேயே இருக்கும்.

'எங்கள் ஊர் ஊரணி' என்று ஒரு தலைப்பு கொடுத்தேன். ஒரு மாணவி "எங்கள் ஊர் ஊரணி மிகவும் அழகாக இருக்கும்" என்று தொடங்கியிருந்தாள். "குடிக்கிற ஊரணியா, குளிக்கிற ஊரணியா? படித்துறை எந்தப் பக்கம்? அங்கே என்ன செய்தால் திட்டு விழும்?" என்று பக்கத்தில் கேட்டு வைத்தேன். வீட்டுக்குப் போய் அப்பத்தாவிடம் கேட்டிருக்கிறாள். அடுத்த வகுப்பில் அந்த வரியை அழித்துவிட்டு, "இது குடி ஊரணி. படித்துறையில் கால் நனைத்தால்கூட அப்பத்தா காலத்தில் அடி விழுமாம். குடத்தைக் கழுவுவதற்குத் தண்ணீரை மொண்டு மேலே கொண்டுவந்துதான் கழுவ வேண்டும்" என்று எழுதினாள். அழகு என்ற சொல்லே இல்லை, ஊரணி கண்ணுக்குத் தெரிகிறது. அவள் குழுவில் இருந்த பையன் அதைப் பார்த்துவிட்டுத் தன் பங்குக்கு வரத்துக்கால் (ஊரணிக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால்) அடைபட்டுப் போன கதையைச் சேர்த்தான். நோட்டில் இது நடந்திருக்காது. ஒருவர் எழுதுவதை இன்னொருவர் உடனே பார்ப்பதால் நடந்தது.

இனி கவலை. இத்தனையும் என் சொந்த ஜிமெயில் கணக்கின் டிரைவில், அதாவது கூகுளின் இணையச் சேமிப்பிடத்தில், இருக்கிறது. மாறுதல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். நான் போய்விட்டால் பிள்ளைகள் எழுதியது என்ன ஆகும்? அடுத்து வருகிற ஆசிரியருக்கு எப்படிக் கொடுப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 கணக்கு வாத்தியார் (தேவகோட்டை)

டீச்சர், அருமை. இதை நிறுத்திவிடாதீர்கள்.

நான் ஷீட்ஸ் பக்கம், அதாவது கூகுளின் அட்டவணைத் தாள். புள்ளியியல் பாடத்துக்கு வகுப்பே சேர்ந்து ஒரு தாளில் தரவு நிரப்பும். சந்தையில் காய்கறி விலை, வீட்டுக் கரண்ட் யூனிட், இப்படி. சராசரிக்கும் இடைநிலைக்கும் என்ன வித்தியாசம் என்று போர்டில் எத்தனை தடவை எழுதினாலும் ஏறாது. யாரோ ஒரு பையன் 40 ரூபாய் தக்காளியை 400 என்று அடித்துவிட்டான், சராசரி எங்கேயோ போய்விட்டது, இடைநிலை அசையவே இல்லை. வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் அதைக் கண்ணால் பார்த்தது. அதற்குமேல் நான் விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழி. ஒரே தாளை எல்லோருக்கும் திருத்தும் உரிமையோடு கொடுத்தால் ஒருவன் அழித்தது எல்லோருக்கும் அழியும். ஆளுக்கொரு பிரதி வேண்டுமென்றால், இணைப்பு முகவரியின் கடைசியில் ஆங்கிலத்தில் 'எடிட்' என்று தொடங்குகிற பகுதியை எடுத்துவிட்டு அங்கே 'காப்பி' என்று அடித்து அனுப்புங்கள். திறக்கும்போதே "பிரதி எடுக்கவா?" என்று கேட்கும், பிள்ளையின் கணக்கில் தனிப் பிரதி உருவாகும். பொதுத் தாள்தான் வேண்டும் என்றால் தலைப்பு வரிசையையும் சூத்திரம் இருக்கிற கட்டங்களையும் பூட்டி வையுங்கள், ஷீட்ஸில் அந்த வசதி இருக்கிறது.

மாறுதல் விஷயத்துக்கு அவ்வளவு யோசிக்க வேண்டாம். இணைப்பைப் புது ஆசிரியருக்குக் கொடுத்தால் போதும்.

#3 சிஸ்டம் தம்பி (கணினி ஆசிரியர், காரைக்குடி)

கணக்கு சார், மன்னிக்க வேண்டும், அது போதாது. இணைப்பு கொடுப்பது வேறு, உரிமை கொடுப்பது வேறு. கோப்பை உருவாக்கியவர்தான் அதன் உரிமையாளர். டீச்சர் நாளைக்கு டிரைவில் இடம் காலி பண்ண அந்த ஃபோல்டரை அழித்தால் குப்பைத்தொட்டியில் முப்பது நாள் இருக்கும், பிறகு யாருக்கும் கிடைக்காது. டீச்சர் அந்த ஜிமெயிலையே விட்டுவிட்டு வேறு கணக்குக்கு மாறினாலும் ஆபத்துதான். இரண்டு வருடம் தொடாமல் கிடக்கிற தனிநபர் கணக்கை கூகுள் நீக்கலாம். 2023 டிசம்பரிலிருந்து அப்படிச் செய்கிறார்கள்.

உரிமையை மாற்றலாமே என்றால், மாற்றலாம். ஒரு தனிநபர் கணக்கிலிருந்து இன்னொரு தனிநபர் கணக்குக்கு. வாங்குபவர் சம்மதம் கொடுக்க வேண்டும். நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம், ஃபோல்டரின் உரிமையை மாற்றினால் உள்ளே இருக்கிற கோப்புகளின் உரிமை மாறாது. கோப்புகளையும் தேர்ந்தெடுத்துத் தனியாக மாற்ற வேண்டும். இன்னொன்று, பிள்ளைகள் தங்கள் கணக்கில் உருவாக்கி உங்கள் ஃபோல்டரில் போட்டவை அவர்களுடையவை. அவற்றை உங்களால் மாற்றிக் கொடுக்க முடியாது.

பள்ளி பெயரில் கல்விக்கான வொர்க்ஸ்பேஸ் கணக்கு (பள்ளியே நிர்வகிக்கிற கூகுள் கணக்கு) இருந்தால் கதையே வேறு. அடிப்படைத் திட்டம் தகுதியுள்ள பள்ளிகளுக்கு இலவசம். அதில் 'ஷேர்டு டிரைவ்' என்று ஒன்று இருக்கிறது. அங்கே வைத்த கோப்பு எந்த ஆசிரியருக்கும் சொந்தமில்லை, பள்ளிக்குச் சொந்தம். ஆசிரியர் போவார் வருவார், கோப்பு இருக்கும். சேமிப்பிடமும் பள்ளி மொத்தத்துக்கு 100 டெராபைட் கொடுக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் பக்கமும் பள்ளிகளுக்கு இதே மாதிரி இலவசத் திட்டம் உண்டு.

ஆனால் சொந்தக் கணக்கில் தொடங்கிவிட்டுப் பிறகு பள்ளிக் கணக்குக்கு மாற்றுவது சிரமம். நேரடி உரிமை மாற்றம் அந்த எல்லையைத் தாண்டாது, பெரும்பாலும் பிரதி எடுத்துத்தான் கொடுக்கிறார்கள். பிரதி எடுத்தால் பதிப்பு வரலாறு வராது. டீச்சர் சொன்ன அந்த ஊரணிக் கட்டுரையில் "அழகாக இருக்கும்" என்ற முதல் வரி இருந்ததற்கான தடயமே போய்விடும், கடைசி வடிவம் மட்டும் மிஞ்சும். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது.

#4 புதுவயல் அம்மா

நான் ஆசிரியை இல்லை. இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற அம்மா. படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

என் மகள் படிக்கிற பள்ளியின் பெயர் வேண்டாம். வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு ஷீட் இணைப்பு வந்தது. "பெற்றோர் தங்கள் பிள்ளையின் விவரத்தைச் சரிபார்க்கவும்" என்று. திறந்தால் வகுப்பில் உள்ள அத்தனை பிள்ளைகளின் பிறந்த தேதி, ஆதார் எண், சாதி, அப்பா அம்மா போன் நம்பர், வீட்டு முகவரி. எல்லோருக்கும் தெரிகிறது, எல்லோரும் திருத்தலாம். அந்த இணைப்பு யார் யாருக்குப் போனதோ. வயசுப் பெண் பிள்ளையின் வீட்டு விலாசமும் நம்பரும் முன்பின் தெரியாதவர் கையில் போகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. நான் போன் பண்ணிச் சொன்ன பிறகுதான் மூடினார்கள்.

நீங்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தில் செய்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைகள் சேர்ந்து எழுதுவது நல்ல விஷயம், என் மகள் ஆசையோடு செய்கிறாள். எது பொதுவில் இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று யாராவது எங்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

#5 சிஸ்டம் தம்பி

அம்மா, நீங்கள் சொன்னது சின்ன விஷயம் இல்லை. சட்டப்படியே தவறு. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள்தான். அவர்கள் விவரத்தைக் கையாள, சரிபார்க்கத்தக்க முறையில் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒரு பிள்ளையின் ஆதாரை அடுத்த வீட்டுக்காரருக்குக் காட்டினால் எந்தச் சட்டமும் கேட்காது என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விவரம் சரிபார்க்க வேண்டுமென்றால் கூகுள் ஃபார்ம் கொடுங்கள். ஒவ்வொருவரும் தன் பிள்ளையின் விவரத்தை மட்டும் நிரப்புவார்கள், பதில்கள் ஆசிரியரிடம் மட்டும் இருக்கும். ஃபார்முக்குள் "பதில்களின் சுருக்கத்தைக் காட்டு" என்கிற வசதி அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஆதார், சாதிச் சான்று இதெல்லாம் வகுப்பாசிரியர் டிரைவில் இருக்கவே வேண்டாம். அதற்கு மாணவர் விவரங்களைப் பதிகிற அரசின் எமிஸ் தளம் இருக்கிறது.

"இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்" என்று வைத்தால் இன்னொரு தலைவலி. உள்நுழையாமல் வருகிறவர்களுக்கு கூகுள் அவர்கள் பெயருக்குப் பதிலாக ஏதாவது ஒரு விலங்கின் பெயரைக் கொடுக்கும். நாற்பது பேர் வகுப்பில் யானையும் நரியும்தான் எழுதிக்கொண்டிருக்கும். எவன் நல்ல பத்தி எழுதினான், எவன் அடுத்தவன் பத்தியை அழித்தான், எதுவும் தெரியாது. நன்றாக எழுதிய பிள்ளையைப் பெயர் சொல்லிப் பாராட்டக்கூட முடியாது.

வயது விஷயமும் உண்டு. 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை தானாக கூகுள் கணக்கு தொடங்க முடியாது. ஆறாம் ஏழாம் வகுப்பில் பொய்ப் பிறந்த தேதி போட்டுத் தொடங்கச் சொல்கிற பழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆசிரியரே பொய் சொல்லச் சொல்லிக் கொடுப்பது போல ஆகிறது. பள்ளிக் கணக்கு இருந்தால், பெற்றோர் ஒப்புதல் வாங்கி, பள்ளியே சின்னப் பிள்ளைகளுக்கும் கணக்கு திறந்து கொடுக்கலாம்.

#6 ஊரணிக்கரை (நடுநிலைப் பள்ளி ஆசிரியர்)

எல்லாம் சரி. நான் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

கல்லல் பக்கம் கிராமம். என் வகுப்பில் பாதி வீட்டில் ஒரே போன்தான், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வந்தால் அதில் சார்ஜ் இருக்காது. "வீட்டில் போய் டாக்ஸில் எழுதி வாருங்கள்" என்று நான் சொன்னால், யாருக்குச் சொல்கிறேன்? போன் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மற்ற பிள்ளை மறுநாள் தலை குனிந்து நிற்கும். கொரோனா காலத்தில் இதைக் கண்ணால் பார்த்தோம். மறுபடி அதே இடத்துக்குப் போகக்கூடாது.

அதனால் எனக்கு ஒரே விதி. கணினியில் நடக்க வேண்டியது பள்ளி நேரத்திலேயே நடந்து முடிய வேண்டும். வீட்டுப்பாடம் நோட்டில்தான்.

பள்ளியில் நெட் வந்தும் போயும் இருக்கிறது. டாக்ஸை நெட் இல்லாமலும் பயன்படுத்தலாம், ஆனால் நெட் இருக்கும்போதே அதை இயக்கி வைத்திருக்க வேண்டும், குரோம் அல்லது எட்ஜ் உலாவியில்தான் ஓடும். பலர் தொடுகிற கணினியில் அதை இயக்காதீர்கள் என்று கூகுளே சொல்கிறது, ஏனென்றால் கோப்புகள் அந்தக் கணினியிலேயே தங்கிவிடும். பள்ளிக் கணினி எல்லாமே பலர் தொடுவதுதான்.

நான் செய்வது இதுதான். பிள்ளைகள் தாளில் எழுதுவார்கள். குழுவில் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் கணினியில் அடிப்பார், மூன்றாமவர் எழுத்துப்பிழை பார்ப்பார். அடிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு டாக்ஸின் குரல் தட்டச்சு உதவுகிறது, தமிழ் நன்றாகவே புரிந்துகொள்கிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் தடுமாறும், அதனால் பிள்ளை நிறுத்தித் தெளிவாகச் சொல்லப் பழகுகிறது. வாசிப்புப் பயிற்சிக்கு இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. வாய் திறக்காத ஒரு பையன், தான் சொன்னது திரையில் எழுத்தாக வருவதைப் பார்த்துவிட்டு, இப்போது மற்றவர்கள் கட்டுரையையும் நானே சொல்கிறேன் என்று முன்னால் வந்து உட்காருகிறான்.

#7 பி.எட். மாணவி (காரைக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம். பிள்ளைகள் இப்போது ஏஐயில் கேட்டு எழுதி ஒட்டிவிடுகிறார்கள். டாக்ஸ் கொடுத்தால் அது இன்னும் சுலபமாகிவிடாதா? நோட்டில் எழுத வைத்தால் கையாலாவது எழுதுவார்கள்.

#8 பட்டாலை

நல்ல கேள்வி, நானும் இதில் யோசித்திருக்கிறேன்.

நோட்டில் எழுதினாலும் பார்த்து எழுதலாமே, கோனார் உரையைப் பார்த்து எழுதாத தலைமுறை எது? டாக்ஸில் குறைந்தது எனக்குத் தெரிகிறது. கணினியில் கோப்பு மெனுவில் பதிப்பு வரலாறு திறந்தால் கட்டுரை எப்படி வளர்ந்தது என்று படிப்படியாகக் காட்டும். தானாக எழுதிய பிள்ளையின் கட்டுரை தட்டுத் தடுமாறி வளரும். ஒரு வரி வரும், பாதி போகும், 'ஊரனி' என்று அடித்து 'ஊரணி' என்று மாற்றும், நடுவில் பத்து நிமிடம் ஒன்றும் இருக்காது. ஒட்டியது ஒரே மூச்சில் ஒரு பக்கமாக வந்து விழுந்திருக்கும்.

ஆனால் இதைப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. நோட்டில் எழுதிக் கொண்டுவந்து அடித்த பிள்ளைக்கும் மொத்தமாகத்தான் வந்து விழும். கூப்பிட்டு உட்கார வைத்து, "இந்தப் பத்தியை எப்படி எழுதினாய், சொல்லு" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இன்னொரு வழி, கேள்வியையே மாற்றுவது. "நீர் மேலாண்மை" என்று கேட்டால் ஏஐ எழுதிக் கொடுக்கும். "உங்கள் தெருப் பக்கத்து ஊரணியின் வரத்துக்கால் எங்கே தொடங்கி எங்கே அடைபட்டிருக்கிறது, யாரிடம் கேட்டாய்?" என்று கேட்டால் பிள்ளை நடந்துபோய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும். செட்டிநாட்டில் நமக்கு இதற்குப் பஞ்சமா? வீட்டு முகப்பில் தொடங்கி வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி வரை ஆச்சியிடம் கேட்டால் ஒரு பருவத்துக்கு எழுதலாம்.

சிஸ்டம் தம்பி, புதுவயல் அம்மா, ஊரணிக்கரை சார், மூவருக்கும் நன்றி. தொடங்கும்போது நான் மாறுதலை மட்டும்தான் நினைத்துக் கேட்டேன். பிள்ளைகள் எழுதியது பள்ளியின் சொத்து, என் சொத்து இல்லை என்ற எண்ணம் இப்போது உறுதியாகிவிட்டது.

#9 கணக்கு வாத்தியார்

டீச்சர், நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கோபம் வேண்டாம், மனதில் இருப்பதைச் சொல்கிறேன்.

வொர்க்ஸ்பேஸ் என்றால் பள்ளிக்குச் சொந்தமாக இணைய முகவரி வேண்டும், வருடா வருடம் அதற்குப் பணம் கட்ட வேண்டும், தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும், மேலிடத்தில் கேட்க வேண்டும். அது நடக்கும்வரை காத்திருந்தால் இந்த வருடப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பே முடித்துவிடுவார்கள். இன்றைக்கு நம் பக்கத்தில் ஏதாவது நடக்கிறது என்றால் ஆசிரியர் தன் போன், தன் டேட்டா, தன் கணக்கு என்று போட்டுச் செய்வதால்தான் நடக்கிறது. அதைத் தப்பு என்று சொன்னால் செய்கிற நாலு பேரும் கையைக் கட்டிக்கொள்வார்கள். அந்த பயம் எனக்கு இருக்கிறது.

#10 கோட்டையூர் ஓய்வு ஹெச்.எம்.

கணக்கு சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆசிரியரின் ஆர்வத்தால்தான் பள்ளி நடக்கிறது, நான் தலைமையாசிரியராக இருந்த காலம் முழுக்க அதைத்தான் பார்த்தேன். ஆனால் அந்த ஆர்வம் ஆசிரியரோடு ஊர் மாறிப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது பள்ளியின் பொறுப்பு.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்கிறேன். ரோஜா முத்தையா செட்டியார். வாழ்நாள் முழுக்கத் தமிழ்ப் புத்தகம், இதழ், நாடக நோட்டீசு, அழைப்பிதழ் என்று கிடைத்ததை எல்லாம் கோட்டையூரில் சேர்த்து வைத்தார். தனி மனிதர், சொந்தப் பணம், சொந்த வீடு. 1992-இல் அவர் காலமானார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. கடல் கடந்து கொண்டுபோகாமல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வைத்தார்கள், மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். இன்று ஆராய்ச்சி மாணவர் யாரும் அங்கே போய் உட்காரலாம். சேர்த்தது ஒரு மனிதர், ஆனால் அவருக்குப் பிறகு அது நிலைத்தது ஒரு நிறுவனம் பொறுப்பேற்றதால். இந்தப் பக்கத்து வீடுகளில் அப்படி யாரும் பொறுப்பேற்காமல் எடைக்குப் போன ஏடும் கணக்குப் புத்தகமும் எவ்வளவு என்று நம் ஊர்ப் பழைய பேப்பர் கடைக்காரர்களுக்குத் தெரியும்.

எனவே சொந்தக் கணக்கில் தொடங்குங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் வருட முடிவில் அது பள்ளிக்கு வந்து சேர வேண்டும்.

இணைய முகவரி வாங்க முடியாத பள்ளி என்றால், பள்ளி பெயரில் ஒரு சாதாரண ஜிமெயில் கணக்காவது திறங்கள். முறையான ஏற்பாடு இல்லைதான், ஆனாலும் ஒருவர் சொந்தக் கணக்கைவிடப் பரவாயில்லை. தம்பி சொன்னபடி ஜிமெயிலிலிருந்து ஜிமெயிலுக்கு உரிமை மாற்ற முடியும் என்பதால், வரலாறும் தொலையாது.

அதிலும் ஒரு சிக்கலைப் பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளியில் அப்படித் திறந்த கணக்கின் மீட்பு எண்ணாகத் தலைமையாசிரியர் தன் கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தார். அவர் மாறுதலாகிப் போனார். புதிதாக வந்தவர் வேறு கணினியில் உள்நுழையப் போனால் ஓடிபி நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பழைய தலைமையாசிரியர் போனுக்குப் போகிறது. அவர் நல்லவர், எடுத்துச் சொல்லிவிட்டார். எடுக்காமல் போயிருந்தால்?

#11 சிஸ்டம் தம்பி

ஐயா சொன்னதற்கு வழி இருக்கிறது. இருபடிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சோதனை) இயக்கியதும் கூகுள் பத்து காப்புக் குறியீடுகள் தரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒருமுறைதான் செல்லும். போன் இல்லாவிட்டாலும் அதை வைத்து உள்ளே போகலாம். அச்சிட்டு உறையில் போட்டு ஒட்டி, பள்ளி முத்திரை இருக்கிற பீரோவிலேயே வையுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். பழைய வினாத்தாள்களை எல்லாம் டிரைவில் ஏற்றிச் சேர்க்கலாம் என்று நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். பாமினி, வானவில் என்கிற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கோப்பை டாக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். எழுத்துரு மாற்றி வைத்து, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றினால் தமிழ் திரும்ப வந்துவிடும், என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி இலவசமாகவே கிடைக்கிறது. யூனிகோடில் இருந்தால்தான் தேடவும் முடியும். 'ஊரணி' என்று டிரைவில் தேடினால் ஐந்து வருடக் கட்டுரைகளும் வரிசையாக வரவேண்டும் அல்லவா?

அச்சுத் தாள் மட்டும் இருக்கிறதென்றால் படம் எடுத்து டிரைவில் ஏற்றி, வலது சொடுக்கி டாக்ஸில் திறக்கச் சொல்லுங்கள். படத்தின் கீழே தமிழ் எழுத்தாகவே வரும். அச்செழுத்துக்கு நன்றாக வருகிறது. கையெழுத்துக்கு நம்ப முடியாது.

சேமிப்பிடத்துக்கும் ஒரு வார்த்தை. தனிநபர் கணக்கில் 15 ஜிபி, அதை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போடுகின்றன. கட்டுரைகளால் அது நிறையாது, ஆண்டுவிழா வீடியோவால் நிறையும். நிறைந்துவிட்டால் புதுக் கோப்பு ஏறாது என்பதோடு மின்னஞ்சலும் வராது. பள்ளி ஜிமெயிலுக்கு அலுவலகக் கடிதம் வருகிறதென்றால் இது விளையாட்டு இல்லை. வீடியோவுக்குத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடுங்கள்.

#12 ஊரணிக்கரை

ஹெச்.எம். ஐயா சொன்ன பள்ளி ஜிமெயில் யோசனை எங்கள் மாதிரிப் பள்ளிக்கு ஒத்துவரும். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு வேண்டாம், பள்ளிக் கணக்கில் ஆசிரியர் முன்னிலையில் எழுதுவார்கள். எழுதியவர் பெயரை ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் அவர்களே போடட்டும். ஊர்ப் பெயர், முதல் பெயர் போதும். புதுவயல் அம்மாவுக்கும் அது சம்மதமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

#13 புதுவயல் அம்மா

சம்மதம் சார். பிள்ளையின் கட்டுரையை நாங்களும் வீட்டில் படிக்கிற மாதிரி, பார்க்க மட்டும் முடிகிற இணைப்பு அனுப்பினால் சந்தோஷம். அப்பத்தா சொன்னது எழுத்தில் வந்திருக்கிறது என்று அவரிடமே வாசித்துக் காட்டலாம்.

#14 கணக்கு வாத்தியார்

வருட முடிவில் ஒப்படைப்பு என்றால் எனக்கும் மறுப்பில்லை. என் ஷீட்களை இந்த மார்ச்சிலேயே மாற்றித் தருகிறேன். ஆனால் அதற்கு ஒரு தாள் வேண்டும் ஐயா. வாயால் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள்.

#15 பட்டாலை

அதையேதான் கேட்க வந்தேன். சார்ஜ் ஒப்படைக்கும்போது சாவிக்கொத்து, இருப்புப் பதிவேடு எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறோம். அதில் இதற்கு ஒரு பக்கம் சேர்த்தால் என்ன? ஐயா, மாதிரி ஒன்று போடுங்கள். நான் தலைமையாசிரியரிடம் திங்கட்கிழமை கொண்டுபோகிறேன். பெற்றோர் கூட்டத்தில் ஒப்புதல் கடிதமும் வாங்கிவிடுகிறேன்.

#16 கோட்டையூர் ஓய்வு ஹெச்.எம்.

ஒரு பக்கத்துக்குள் அடங்கும். கணக்கின் மின்னஞ்சல் முகவரி, எதற்காகத் திறந்தது, எந்தெந்த ஃபோல்டரில் எந்த வகுப்பின் வேலை இருக்கிறது, யார் யாருக்குத் திருத்தும் உரிமை கொடுத்திருக்கிறது, காப்புக் குறியீட்டு உறை எந்த பீரோவில் இருக்கிறது. கடவுச்சொல்லைத் தாளில் எழுத வேண்டாம். ஒப்படைப்பவரும் ஏற்பவரும் ஒரே கணினி முன்னால் உட்கார்ந்து, பழையவர் உள்நுழைந்து, புதியவர் தாமே புதுக் கடவுச்சொல் போட வேண்டும். மீட்பு எண்ணையும் அப்போதே மாற்றி, சோதனைக்கு ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து பார்த்த பிறகுதான் கையெழுத்து. போனவர்களுக்கு இருந்த திருத்தும் உரிமையை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். பார்க்கும் உரிமை இருந்துவிட்டுப் போகட்டும், தாம் வளர்த்த பிள்ளைகள் எழுதியதை அவர்கள் படிக்க ஆசைப்படுவார்கள்.

ஆங்கிலத்தில் வேண்டாம், தமிழிலேயே தட்டச்சு செய்து இன்று இரவு இங்கே பார்க்கும் இணைப்பாகப் போடுகிறேன். அவரவர் பள்ளிக்குப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.